ஆட்டோவுக்கு 300, பானைக்கு 150

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் 300 ரூபாய் என்றார். மண்பானை செய்யும் ஒரு பெரியவரைத் தேடிப் போகிற ஊர் ஏழு கிலோமீட்டர்தான், அதுவும் போக மட்டும்! மினி பஸ்ஸை நம்பி நின்றேன். வந்த ஒன்றும் படியில் ஆள் தொங்க, நிற்காமலே போய்விட்டது. நாள் செலவுக்கே 1,500தான் கையில். வயிற்றெரிச்சலோடு ஆட்டோவிலேயே ஏறினேன்.

அரசலாற்றங்கரை ஊர். மண்பாண்டம் செய்கிறவர்களின் வேளார் தெருவில் நான் தேடிப்போன பெரியவர் வாசலிலேயே சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். சிறு பையனாக அப்பாவுக்கு மண் மிதித்துக் கொடுத்ததில் ஆரம்பித்த தொழில். “அப்பல்லாம் கம்பு போட்டுச் சுத்தணும் தம்பி, இப்ப சுவிட்சுதான்” என்றார்.

பானை சக்கரத்திலேயே முடிந்துவிடுவதில்லை. வாயும் கழுத்தும் தோளும்தான் அங்கே. நூலால் அறுத்தெடுக்கும்போது அடிப்பக்கம் திறந்தே கிடக்கிறது. கொஞ்சம் உலர்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுகிறார். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, வயிறு உப்புகிறது. எழுந்திருக்கவே மனசில்லை.

எவர்சில்வரும் அலுமினியமும் வந்து சமையல் சட்டி வியாபாரம் படுத்துவிட்டது. கார்த்திகை அகல், பொங்கல் பானை, கல்யாணத்து முளைப்பாலிகை, தீச்சட்டி, கொள்ளிக்குடம் என்று சாமியும் சடங்கும்தான் அடுப்பை எரிய வைத்தன. அய்யனார் குதிரையும் செய்தவர். களிமண்ணில் உமியும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே கூடாக வளர்த்து, சூளையில் வெடிக்காமலிருக்க ஓட்டை விட வேண்டும். முன்பு ஊர்க்காரர்கள் பிடிமண் என்று ஒரு கைப்பிடி மண்ணைக் கொடுத்துக் குதிரை செய்யச் சொல்வார்கள். இப்போது சிமெண்ட் குதிரைக்கு பெயின்ட் அடித்தால் போதும். இதைச் சொல்லும்போதுதான் குரல் ஏறியது. வழியில் நானும் பார்த்தேன். ஒன்றுக்கும் முகமே சரியில்லை.

பொங்கல் பானைக்குக் கை வைக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் டெல்டாவில் அடைமழை. பானை உலராது, சூளை மூட்ட முடியாது. அரசின் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையையும் சேர்க்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேர்த்தால் என்ன?

மதியம் அவர் வீட்டம்மா விரால் குழம்பு ஊற்றினார். முந்தின நாள் சட்டியில் வைத்தது. மூன்றாவது தடவை சோறு கேட்க வெட்கப்படவில்லை. அப்படி ஒரு குழம்பு!

நான் வாங்கிய பானை 150 ரூபாய். பக்கத்தில் காரில் வந்தவர் அதையே 120க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சட்டி வாங்குகிறவர்கள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் சின்னத் தீதான்.