150 பிக்சல் நாரையும் 52 பிக்சல் முட்டையும்

பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒன்றில், என்னிடமுள்ள கேனான் பவர்ஷாட் ஜி12-இல் மாட்டக்கூடிய டெலி கன்வர்ட்டர் (தொலைவில் இருப்பதை இன்னும் பெரிதாகக் காட்டும் கூடுதல் லென்ஸ்) ஒன்று, அடாப்டர் குழாயோடும் உறையோடும் சென்ற மாதம் விலைக்கு வந்திருந்தது. கடைக்காரர் சொன்ன தொகை, நான் இந்தக் கேமராவை இரண்டாம் கையாக வாங்கிய விலையில் ஏறத்தாழ பாதி. பத்து நாளில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். அந்தப் பத்து நாளில் போட்ட கணக்கும், செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்த்த ஒரு சோதனையும்தான் இந்தப் பதிவு.

ஜி12 வெளிவந்தது 2010-இல். ஒரு கோடி பிக்சல், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 28-இலிருந்து 140 மி.மீ. வரை போகும் ஐந்து மடங்கு ஜூம். லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை, பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தித் திருகினால் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 58 மி.மீ. மரையுள்ள ஒரு குழாயைப் பொருத்தி, அதன் நுனியில் கூடுதல் லென்ஸைத் திருகிக்கொள்ளலாம். ஜூம் செய்யும்போது முன்னும் பின்னும் நகர்கிற மெல்லிய லென்ஸ் குழல், கனமான கண்ணாடியைத் தாங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு. பாரம் முழுவதும் கேமராவின் உடலில் இறங்குகிறது, உள்ளேயிருக்கும் மோட்டாருக்குத் தொல்லையில்லை.

எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் வேடந்தாங்கல். ஜனவரியில் ஏரிக்கரையில் நின்று, நீரில் நிற்கும் மரங்களின் மேல் கூடு கட்டியிருந்த மஞ்சள் மூக்கு நாரைகளை முழு ஜூமில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், நாரை என்று சொன்னால்தான் நாரை. கடையில் அந்தக் கன்வர்ட்டரைக் கண்டதும் கை தானாக நீண்டது இதனால்தான்.

அந்தக் கன்வர்ட்டரின் பெயர் டிசி-டிசி58டி, பெருக்கம் 1.4 மடங்கு. 140 மி.மீ. என்பது 196 மி.மீ. ஆகும். 'கிட்டத்தட்ட 200' என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தோன்றுகிறது. பிறகு கணக்குப் போட்டேன். 140 என்பது ஃபிலிம் கணக்கு; முழு ஜூமில் ஜி12-இன் உண்மையான குவியத் தொலைவு 30.5 மி.மீ. ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை நூறு மீட்டர் தொலைவில் நின்றால், சென்சாரின் மேல் விழும் அதன் பிம்பத்தின் உயரம் 0.3 மி.மீ. மட்டுமே. படத்தின் 2736 பிக்சல் உயரத்தில் அது சுமார் 150 பிக்சல். கன்வர்ட்டரை மாட்டினால் 210 பிக்சல். அதாவது, நாரை என்று சொன்னால் நாரை என்ற நிலையிலிருந்து, சொல்லாமலே நாரை என்று தெரியும் நிலைக்கு வருகிறோம். இறகு தெரிவது, கண் தெரிவது என்பதெல்லாம் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. பறவைதான் வேண்டுமென்றால், நிக்கான் பி900 போல 2000 மி.மீ. வரை போகும் பெரிய ஜூம் கேமராவைத் தேடுவதுதான் முறை; அது என் 140-ஐப் போலப் பதினான்கு மடங்கு.

இன்னொரு பக்கமும் கணக்கு இடிக்கிறது. கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை 1.4 மடங்குக்கு வெட்டி எடுத்தால் 2606-க்கு 1954, அதாவது 51 லட்சம் பிக்சல் மிஞ்சுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் எட்டுக்கு ஆறு அங்குல அச்சுக்கு இது தாராளம். நான் அதற்கு மேல் எந்தப் படத்தையும் அச்சிட்டதில்லை.

கன்வர்ட்டருக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் கேமராக்களில் உடலுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் 1.4 மடங்கு கன்வர்ட்டர், உள்ளே வரும் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும். முன்னால் மாட்டும் இந்த வகை அப்படிச் செய்வதில்லை, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்லும் எஃப் எண், முழு ஜூமில் இருக்கும் 4.5 ஆகவே நிற்கிறது. பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் அந்தி நேரத்தில், வெட்டி எடுத்த படத்தைவிடக் கன்வர்ட்டர் போட்டு எடுத்த படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சல் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதை மாட்டியிருக்கும்போது ஜூமைப் பின்னால் இழுத்தால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். குழாய் வியூஃபைண்டரை மறைக்கும், ஃபிளாஷின் குறுக்கே நிழலாக நிற்கும். நடுக்கத்தைத் தடுக்கும் வசதி சரியாக வேலை செய்ய, மாட்டும்போதும் கழற்றும்போதும் மெனுவுக்குள் போய் மாற்றிவிட வேண்டும். எனக்கோ அடுப்பை அணைத்தேனா என்பதே பாதி வழியில்தான் நினைவுக்கு வரும்.

அகலக் கோணத்துக்கான லென்ஸைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 28 மி.மீ.-இல் அடங்காத கோபுரத்தை இரண்டு மூன்று படங்களாக எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்கிறேன். நண்பர் ஒருவரின் மலிவான 0.45 மடங்கு லென்ஸை முன்னால் பிடித்துப் பார்த்ததில், நடுவில் மட்டும் தெளிவும் ஓரமெல்லாம் ஊதா நிறக் கசிவுமாக இருந்தது.

மிச்சமிருந்தது குளோஸ்-அப் லென்ஸ். மாடியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, குருத்திலைகளில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். வெளிர்மஞ்சள் நிறம், ஒரு மி.மீ. இருந்தால் அதிகம். ஜி12-இல் ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போகும் மேக்ரோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஜூம் செய்யாத நிலையில் மட்டும். அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே இலையை மூடிவிடுகிறது. முழு ஜூமில் இந்தக் கேமரா தெளிவாகப் பார்க்கும் மிகக் குறைந்த தூரம் சுமார் 30 செ.மீ.; அங்கே படத்தின் அகலத்தில் அடங்குவது ஏறக்குறைய 7 செ.மீ. முட்டைக்குக் கிடைப்பது 52 பிக்சல்.

குளோஸ்-அப் லென்ஸ் என்பது கேமராவுக்குப் போடும் வாசிப்புக் கண்ணாடிதான். அதன் எண்ணும் கண்ணாடிக் கடையில் சொல்லும் அதே 'பவர்'தான்: ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் தூரம் கிடைக்கும். கேமராவின் 30 செ.மீ. என்பது 3.3 பவருக்குச் சமம். முன்னால் வைக்கும் லென்ஸின் பவரை அதோடு கூட்டிக்கொள்ளலாம். அம்மாவின் வாசிப்புக் கண்ணாடி 2.5 பவர். மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அதை எடுத்துப்போய், ஒரு வில்லையை லென்ஸின் முன்னால் பிடித்து, முழு ஜூமில் எடுத்துப் பார்த்தேன். 3.3-ம் 2.5-ம் 5.8, கணக்குப்படி 17 செ.மீ. உண்மையிலும் ஏறத்தாழ அங்கேதான் தெளிவு வந்தது. அகலம் 4 செ.மீ. சொச்சமாகச் சுருங்கி, முட்டை 87 பிக்சலாக வளர்ந்தது. கண்ணாடியில் இருந்த கீறல்களால் படம் பனி படர்ந்ததுபோல் இருந்தாலும், முட்டை உருண்டை என்பது முதன்முறையாகப் படத்தில் தெரிந்தது.

அதன் பிறகு குழப்பம் இல்லை. 1.4 மடங்குக்குக் கேட்கும் விலையைவிடக் குறைவாக, 4 பவர் லென்ஸ் ஒன்று இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது: தூரம் 13.6 செ.மீ., அகலம் 3.3 செ.மீ., முட்டை 110 பிக்சல். 8 பவருள்ள ரேனாக்ஸ் டிசிஆர்-250 இதை 166 பிக்சலாக்கும். அதன் கிளிப், 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள மரைகளில் மாட்டிக்கொள்ளும் என்பதும் வசதி. ஆனால் 9 செ.மீ. தூரத்துக்குப் போக வேண்டும், தெளிவாக விழும் ஆழமும் நூலளவுக்குக் குறைந்துவிடும். காற்றில் ஆடும் கறிவேப்பிலையில் அது என் கைக்கு அடங்காது. ஆகவே நான் தேர்ந்தது கேனானின் 4 பவர் லென்ஸான 250டி, 58 மி.மீ. அளவில். ஒற்றைக் கண்ணாடியாக வரும் மலிவு வகைகளில் இல்லாத இரண்டு வில்லைகள் இதில் ஒட்டப்பட்டிருப்பதால், ஒன்று பிரிக்கும் நிறத்தை மற்றொன்று சேர்த்துவிடுகிறது. ஊதா ஓரத்தின் தொல்லை குறையும்.

பத்தாம் நாள் கடைக்குப் போய், குழாயை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டேன். சேர்த்துத்தான் தருவேன் என்று அவர் சொன்னதும் நியாயமே. குழாய் இல்லாத கன்வர்ட்டரை யார் வாங்குவார்கள்? வேறொரு நிறுவனம் செய்த அலுமினியக் குழாய் ஒன்றை வேறிடத்தில் வாங்கினேன். அது சற்று நீளம் என்பதால், இருக்கும் 13.6 செ.மீ.-இல் கொஞ்சத்தை அதுவே விழுங்கிவிடுகிறது. ஃபிளாஷின் நிழலுக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டைச் செடியின் மறுபக்கம் சாய்த்து வைத்து, வெயிலைத் திருப்பி விட்டுச் சமாளிக்கிறேன்.