நோசாவா ஓன்சென்: ஊரார் காக்கும் வெந்நீர்

ஜப்பானின் நாகானோ மாகாணத்து மலைக்கிராமம் இது. ஈயாமாவில் ஷின்கான்சென் ரயிலை விட்டு இறங்கினால் பஸ்ஸில் அரை மணி நேரம்.

ஊருக்குள் 13 பொது வெந்நீர்க் குளியலறைகள். கட்டணம் கிடையாது, வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும். அந்தந்தப் பகுதி மக்களே முறைவைத்துக் கழுவித் துடைத்துப் பராமரிக்கிறார்கள். வழிப்போக்கனுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் இந்தப் பெருந்தன்மைக்கு முன் எந்தச் சொகுசு விடுதியும் நிற்காது!

ஓயு என்ற மரக்கட்டடத்தில் இரண்டு தொட்டிகள். சூடு குறைந்ததே தோலைச் சிவக்க வைக்கிறது. முதலில் உடம்பைக் கழுவி, வாளியில் மொண்டு காலில் ஊற்றிப் பழகிக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். கழுத்துவரை மூழ்கியதும் பயணக் களைப்பு போன இடம் தெரியவில்லை. துண்டு மட்டும் நீரில் படக்கூடாது.

மேலே ஓகாமா ஊற்று, ஏறக்குறைய 90 டிகிரி. வெளியாருக்கு உள்ளே அனுமதியில்லை, அதுவே சரி. வலைப்பையில் கட்டிய கீரையை ஒரு பாட்டி உள்ளே இறக்கி, நிறம் மாறியதும் சட்டென்று தூக்கினார். அது ஊராரின் அடுப்படி.

நவம்பரில் வருகிறவர்கள், குளியலறை வெந்நீரிலேயே நோசாவானா கீரையை அலசி ஊறுகாய்க்குத் தயார் செய்வதைக் கட்டாயம் பாருங்கள்.