சிவப்பு சைக்கிளின் விலை

வடக்கு நமீபியாவில், ஒண்டாங்குவாவை அடுத்த ஒரு கன்டெய்னர் பட்டறையில் சைக்கிள் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்த காலத்தை நினைக்கும்போதெல்லாம், வெளிநாடுகளிலிருந்து அங்கே வந்திறங்கிய நூற்றுக்கணக்கான பழைய சைக்கிள்களுக்கு முன்பாக, ஒரு பெண்மணிக்கு நான் மறுத்த ஒற்றைச் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

எய்ட்ஸ் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் தொண்டர் அவர். ஊதியம் கிடையாது, மணலில் கால் புதையப் புதைய நடந்தே போவார். வாசலில் நின்ற சிவப்பு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “இதை வேண்டாமென்று எறிந்துவிட்டார்கள் அல்லவா, பிறகு எனக்கு எதற்கு விலை?” என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் கணக்குச் சொன்னேன். எறிந்த சைக்கிளுக்கு விலை இல்லைதான், ஆனால் 40 அடி கன்டெய்னருக்குக் கப்பல் கூலி உண்டு, வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து லாரி வாடகை உண்டு, துருவேறிய செயினையும் அப்பகுதி முட்களுக்குத் தாங்காத மெல்லிய டயர்களையும் மாற்றும் செலவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியான கன்டெய்னரையே பட்டறையாக்கி வேலை பழகும் மூன்று பேரின் சம்பளம் விற்பனையிலிருந்துதான் வந்தாக வேண்டும். 1991-இல் நியூ ஜெர்சியில் டேவிட் ஷ்வைடன்பேக் தொடங்கிய ‘பெடல்ஸ் ஃபார் புராகிரஸ்’ என்ற தொண்டு நிறுவனம் அனுப்பும் பழைய சைக்கிள்களும் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றனவே தவிர, தானமாகப் போவதில்லை. இலவசமாகக் கொடுத்துப் பட்டறை மூடிவிட்டால், அடுத்த பஞ்சருக்கே அந்தச் சைக்கிள் சுவரோரம் சாய்ந்துவிடும். இவற்றை நான் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அவர் திரும்பி நடந்ததும், பயிற்சியில் இருந்த பத்தொன்பது வயதுப் பையன் என்னிடம் வந்து, “மேமேக்குக் கொடுத்துவிடுங்கள், என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றான். (மேமே என்றால் அம்மா, மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.) யாருடைய சம்பளத்தைக் காரணம் காட்டி மறுத்தேனோ, அவனே அதைக் கொடுக்க முன்வந்தான். அதற்கும் நான் உடன்படவில்லை. ஒருவருக்குச் செய்தால் நாளை பத்துப் பேர் வருவார்கள், அவன் வீட்டில் அடுப்பு எரியாது என்றேன். அவனுடைய பணத்தில் அவன் என்ன செய்யலாம் என்பதை நான் ஏன் தீர்மானித்தேன் என்பதற்கு மட்டும் என் கணக்கில் பதில் இல்லை. தவணை முறை ஒன்றை யோசித்திருக்கலாம். அன்று அது தோன்றவில்லை, அல்லது தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் அந்தச் சைக்கிளை ஒரு ரொட்டி வியாபாரி முழு விலை கொடுத்து வாங்கிப் போனார். அவருக்கும் அது பிழைப்புதான். இப்போது பட்டறையை நடத்துவது அந்தப் பையன். விலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னான். காசில்லாமல் வரும் மேமேக்களிடம் என்ன சொல்கிறான் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.