இன்டர்லூகின்-2 சோதனை: ஒரு தாளுக்காக அலைந்த கதை

ஒருவழியாக முடிவு கையில் கிடைத்துவிட்டது. நோயெதிர்ப்பு செல்களான டி செல்களை இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் பெருக்குகிறது, டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு புரதம் அதைத் தடுக்கிறது. பாடநூலில் ஒரே பத்தியில் முடியும் இந்த இழுபறியை ஆய்வகத்தில் கண்ணால் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டி செல்களைப் பிரித்தெடுத்ததிலும், செல் இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் மங்கும் சாயத்தை ஏற்றியதிலும் சிக்கலில்லை. வில்லங்கம் இன்டர்லூகின் குப்பியோடு வந்தது. குப்பியில் எடை மைக்ரோகிராமில் இருந்தது, செய்முறையோ செயல்திறனை அளக்கும் சர்வதேச அலகில் கேட்டது. இரண்டையும் இணைக்கும் தரச்சான்று மட்டும் இல்லை. மருந்தாகத் தரப்படும் ஆல்டெஸ்லூகினில் 1.1 மில்லிகிராம் என்பது 18 மில்லியன் அலகு. ஆனால் ஆய்வுக்கு வாங்கும் குப்பிகள் தொகுதிக்குத் தொகுதி மாறும். கொள்முதல் எழுத்தரிடம் போனால், "அது பில்லோடு தணிக்கைக்குப் போய்விட்டது, கடிதம் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார். அதையும் வாங்கிப் போனபோது, தன் மேசை இழுப்பறையிலிருந்தே அந்தத் தாளை எடுத்து நீட்டினார்! தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு விற்றவர்களிடமே மின்னஞ்சலில் கேளுங்கள், அலைச்சல் மிச்சம்.

தோராயமாக ஊற்றிவிட்டுப் போக முடியாது. சிடி25 என்ற ஆல்ஃபா சங்கிலி உள்ள ஏற்பி (செல் பரப்பில் இன்டர்லூகினைப் பிடிக்கும் புரதம்) சுமார் 10 பிகோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலேயே இன்டர்லூகினைப் பிடித்துவிடும். சிடி25 இல்லாத ஏற்பிக்கு ஏறக்குறைய நூறு மடங்கு தேவை. அளவு கூடினால் சிடி25 இல்லாத செல்களும் விழித்துக்கொள்ளும், வேறுபாடே தெரியாது.

அடுத்த தலைவலி, இன்டர்லூகின் சேர்க்காத கிணறுகளிலும் (செல் வளர்க்கும் தட்டின் குழிகள்) செல்கள் பெருகியது. சிடி3, சிடி28 என்ற பரப்புப் புரதங்கள் வழியாகத் தூண்டப்பட்ட டி செல்கள் தாமாகவே இன்டர்லூகின்-2 சுரக்கும். போதாக்குறைக்கு வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா உறங்கும் வடிவில் கிடக்கிறது. நாம் 'ஒன்றும் சேர்க்கவில்லை' என்று எழுதிவைக்கும் கிணற்றில் இரண்டு கட்சியும் ஏற்கெனவே இருக்கின்றன. சீரமில்லாத ஊடகம், சுரந்ததை முடக்கும் எதிர்ப்பொருள் இரண்டும் வந்த பிறகே கட்டுப்பாட்டுக் கிணறு அடங்கியது.

இன்டர்லூகினின் சமிக்ஞை செல்லுக்குள் போவதன் அடையாளமாக, ஜாக்1, ஜாக்3 நொதிகள் வழியாக ஸ்டாட்5 புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதைப் பார்க்க, இன்டர்லூகின் சேர்த்த 15 முதல் 30 நிமிடத்துக்குள் செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திவிட வேண்டும். பிறகு, எதிர்ப்பொருள் உள்ளே நுழையும்படி செல்சவ்வைத் துளைக்க மெத்தனால். செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் பொறுப்பாளரோ, "இங்கே எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்று ஃபைகோஎரித்ரின் என்ற ஒளிரும் நிறமி ஒட்டிய சிடி25 எதிர்ப்பொருளை முதலிலேயே போட வைத்தார். அது புரத நிறமி, மெத்தனால் பட்டதும் ஒளி அணைந்துவிட்டது. அந்த நாளின் மாதிரிகள் அத்தனையும் குப்பைக்கு. மெத்தனாலைக் கழுவிய பிறகு போடுங்கள், அல்லது அதைத் தாங்கும் நிறமியைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தது அழகான படம். டிஜிஎஃப்-பீட்டா இருந்த கிணறுகளில் சாயம் அதிகம் மங்கவில்லை, அதாவது செல்கள் அதிகம் பிளந்து பெருகவில்லை. வெளியிலிருந்து இன்டர்லூகின்-2 கொடுத்ததும் ஓரளவு மீண்டன, முழுதாக அல்ல. டிஜிஎஃப்-பீட்டாவின் சமிக்ஞையைக் கடத்தும் ஸ்மாட் புரதங்கள் இன்டர்லூகின் உற்பத்தியையே குறைப்பது தடையின் ஒரு பாதி. செல் சுழற்சியை நேரடியாகப் பிடித்து நிறுத்துவது மறு பாதி. ஸ்டாட்5 சிடி25-ஐ மேலும் கூட்டுவதால், தொடக்கத்தில் இருக்கும் சிறு வேறுபாடும் பின்னால் பெரிதாகிவிடுகிறது.

டிஜிஎஃப்-பீட்டா வாங்குபவர்களுக்கு ஒன்று: வெறும் நீரில் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகும். ஆல்புமின் சேர்த்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, சிறு பங்குகளாக உறையவைத்துவிடுங்கள்.