கிரிண்டலுக்கு எத்தனை மார்க்

சபை வரலாற்றுத் தேர்வில் ஒரு மாணவரின் விடைக்குப் பத்துக்கு நான்கு போட்டதில் எனக்கு இன்றைக்கும் பெரிய தயக்கம் இல்லை. கேள்வி, ‘எட்மண்ட் கிரிண்டலின் சீர்திருத்தப் பணியை மதிப்பிடுக.’ இங்கிலாந்து சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயராக இருந்து, ராணியின் உத்தரவை மறுத்து 1576 டிசம்பரில் எலிசபெத் ராணிக்கு அவர் எழுதிய கடிதத்தை விட்டுவிட்டு இதற்கு என்ன விடை எழுத முடியும்? அந்த மாணவர் எழுதியிருந்தார். போதகர்களின் உடை பற்றி 1566, 1567-ல் நடந்த சண்டை பற்றியே இரண்டு பக்கம், கடைசியில் ‘பிறகு ராணியை எதிர்த்தார்’ என்று ஒரே வரி.

பேப்பர் கொடுத்த அன்று மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. கிராமத்து சபையில் உபதேசியாராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். “மார்க் இருக்கட்டும் ஐயா. அந்த முப்பத்தேழு பேர் வீட்டுல கேட்டிருந்தா, கிரிண்டலைப் பத்தி இந்தக் கடிதத்தையா சொல்லியிருப்பாங்க?” என்றார். “பிரதர், அது வேறு, இது வேறு” என்றேன். “சரிங்கய்யா” என்று போய்விட்டார். அவர் வாதாடியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அதோடு மறந்திருப்பேன்.

1566 மார்ச் 26, பேராயரின் லாம்பெத் அரண்மனை. லண்டன் போதகர்களை வரவழைத்து, எல்லாரும் உடுத்த வேண்டியது இப்படித்தான் என்று காட்ட, ராபர்ட் கோல் என்ற போதகரை ஜவுளிக்கடை பொம்மை மாதிரி முன்னால் நிறுத்தினார்கள். சதுரத் தொப்பி, நீள கவுன், தோளில் பட்டை. ஆலயத்துக்குள் இதோடு வெள்ளை அங்கியும் வேண்டும். சம்மதமென்றால் ‘வோலோ’, இல்லையென்றால் ‘நோலோ’ என்று லத்தீனில் எழுதிக் கொடுக்க வேண்டும், பேச்சு கூடாது. 37 பேர் மறுத்தார்கள். உடனே இடைநீக்கம், வருமானமும் முடக்கம், மனம் மாற மூன்று மாதம் கெடு. வகுப்பில் இதைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் நடத்துவேன், பையன்கள் சிரிப்பார்கள். பேராயர் பார்க்கருக்குப் பக்கத்தில் லண்டன் பிஷப்பாக உட்கார்ந்திருந்தவர் கிரிண்டல் என்பதையும் சொல்வேன். சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு துணிக்காகவா இவ்வளவு என்று யாராவது ஒருவர் எல்லா வருடமும் கேட்பார். கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் ஏறக்குறைய 280 புராட்டஸ்டண்டுகளைத் தீயில் எரித்து அப்போது பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பூசை வைத்த குருமார் உடுத்தியதைத் தாங்களும் உடுத்துவதா என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. பியூரிட்டன், அதாவது ‘சுத்தக்காரர்’, என்ற கேலிப்பெயர் புழங்க ஆரம்பித்ததும் இந்தச் சண்டைகளின் காலத்தில்தான். கிரிண்டலும் அதே மேரி காலத்தில் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஓடிப்போய்ப் பிழைத்தவர், அவருக்கும் அங்கி பிடிக்காது. 1567-ல் திருமணம் என்று சொல்லி பிளம்பர்ஸ் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தனியாக ஆராதனை நடத்தியவர்களைப் பிடித்து அவர் முன்னால் கொண்டுவந்தபோது, இவையில்லாமல் ஊழியம் செய்யத்தான் எனக்கும் விருப்பம், ஒழுங்குக்காகவும் அரசிக்குக் கீழ்ப்படியவும் உடுத்துகிறேன் என்று அவர்களிடமே சொல்கிறார். தங்கள் பிரசங்கிகளைத் துரத்திவிட்டதால்தானே அவர்கள் மண்டபம் தேடி அலைந்தார்கள்? துரத்தியவர்களில் இவரும் ஒருவர்.

அப்புறம் 1576. போதகர்கள் ஊர் ஊராகக் கூடி, ஒரே வேதபகுதியை ஒருவர் பின் ஒருவராக விளக்கும் கூட்டங்களை நிறுத்தச் சொல்கிறார் ராணி. ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு பிரசங்கிகள் போதும் என்பது அவர் எண்ணம். கிரிண்டல் மறுக்கிறார். நீங்களும் சாகக்கூடியவர்தான், நினைவிருக்கட்டும் என்று ராணிக்கே எழுதுகிறார். அடுத்த வருடம் அதிகாரம் பறிபோகிறது, கண்பார்வை மங்கி 1583-ல் சாகும்வரை அது முழுதாகத் திரும்பவில்லை. இப்படிப்பட்டவரை 1566-ஐ மட்டும் வைத்து எடைபோடுவது அநியாயம். அன்றைக்கே அவர் பதவியை உதறியிருந்தால் அவருக்குப் பின் 1583-ல் பேராயராகி பியூரிட்டன்களை ஒடுக்கிய விட்கிஃப்ட் மாதிரி ஒருவர் பதினேழு வருடம் முன்னாலேயே வந்திருப்பார்.

இந்தக் கடைசி வாதம் எனக்கே முழுசாக உவப்பில்லை. நாம் போனால் மோசமான ஒருத்தன் வருவான் என்பதைச் சொல்லாத அதிகாரி உண்டா? நிர்வாகக் குழுவில் நானே சொல்லியிருக்கிறேன். 37 பேரின் சோறு போனது மனதில் உறுத்தித்தான் பத்து வருடம் கழித்து கிரிண்டல் நிமிர்ந்தார் என்று நம்ப ஆசை. ஆதாரம் கேட்டால் ஒன்றும் கிடையாது.

இன்னொன்று. ‘மதிப்பிடுக’ என்றுதான் கேட்டிருந்தேன். என் நோட்ஸில் இருந்த கடிதச் சுருக்கத்தை அப்படியே ஒப்பித்தவர்களுக்கு எட்டு. அவர்கள் எதையும் மதிப்பிடவில்லை, இவர் மதிப்பிட்டிருந்தார். ஆனாலும் பாதி வரலாற்றை விட்டவருக்கு எட்டு போட முடியாது. ஆறு போட்டிருக்கலாமோ என்னவோ.

இப்போதெல்லாம் லாம்பெத் கூட்டத்தை நிதானமாக நடத்திவிட்டுத்தான் கடிதத்துக்கு வருகிறேன். விளைவு, கடிதத்தை வாசிக்கும்போது வகுப்பில் ஒரு நக்கல் சிரிப்பு. ‘இவரா பேசுறார்’ என்று பின் பெஞ்சில் ஒரு குரல். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, கிரிண்டலுக்காக மறுபடி வாதாட ஆரம்பித்துவிடுகிறேன்.