போர் தண்ணீரும் ஷேவிங் நுரையும்

தருமபுரிப் பக்கத்துப் போர் தண்ணீரில் பிரஷ் போட்டு ஷேவ் செய்கிறவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. சோப்பின் மேல் பிரஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை நிற்காது. பெரிய பெரிய குமிழாக எழும்பும். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குப் போவதற்குள் உடைந்துவிடும். தோலில் மெல்லிய வெள்ளைப் பிசுக்கு மட்டும் மிஞ்சும். யாரிடமாவது சொன்னால், "சுடுதண்ணி வெச்சுக்கோ, நல்லா நுரைக்கும்" என்பார்கள். அது சரிதான். ஆனால் நம் ஊரில் வெந்நீர் செய்கிற பெரிய வேலை அது சூடாக நம் கைக்கு வரும்போது நடப்பதில்லை. அதற்கு முன்பே, அடுப்பில் கொதிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு என் காலை வேளை ரொம்பச் சுலபமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு பாப்பாரப்பட்டிப் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில். வாரம் முழுக்க ஓசூரில் ரூம், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஊருக்கு பஸ். நான் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே போடும் முகமூடி தாடையோடு ஒட்டி உட்கார வேண்டும். இரண்டு நாள் முடி இருந்தாலே ஓரத்தில் இடைவெளி விழுந்து பெயின்ட் வாடை உள்ளே வரும். ஆகவே வேலை நாளில் தினமும் ஷேவ். தினமும் மழிக்கிற தோலுக்கு நல்ல நுரை கிடைக்காவிட்டால் கழுத்துப் பக்கம் எரிச்சலும் சிறு சிறு கட்டிகளும் வந்துவிடும். நுரை எனக்கு ஆடம்பரம் இல்லை.

முதலில் தண்ணீர். என் ஊர் இருக்கும் தருமபுரி, ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி, இந்த இரண்டு மாவட்டங்களிலும் பூமிக்கடியில் இருப்பது கடும் பாறை. போர் ஆயிரம் அடி தாண்டிப் போகிற ஊர்கள் உண்டு. பாறை இடுக்குகளில் நெடுநாள் நின்ற தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு அல்லது பொட்டாசியம் உப்பு. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகமாகச் சேர்ப்பார்கள், நுரை கெட்டியாக நிற்பதற்காக. அந்த ஸ்டியரிக் அமிலத்தைக் கண்டால் கால்சியம் விடாது. இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகிவிடும். முகத்தில் மிஞ்சுவதாகச் சொன்ன வெள்ளைப் பிசுக்கு அதுதான். வாளி விளிம்பில் வட்டமாகப் படிவதும் அதுதான். தண்ணீரில் உள்ள கால்சியம் முழுவதும் இப்படித் தீரும்வரை சோப்பு வீணாகிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரையாகும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர வரையறை. எங்கள் வீட்டுப் போர் அந்த 600-ஐத் தாண்டியது. அதில் டியூப் கிரீமை இரண்டு மடங்கு பிதுக்கினாலும் பாதி நுரைதான் வரும்.

இந்தக் கடினத்தன்மையில் இரண்டு வகை உண்டு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். பைகார்பனேட்டாக இருப்பது தற்காலிகக் கடினம், சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது நிரந்தரக் கடினம். தற்காலிகக் கடினம் கொதித்தால் போய்விடும். கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேறும், கால்சியம் கார்பனேட் வெள்ளைப் பொடியாகக் கீழே இறங்கும். வெந்நீர் தவலையின் உட்புறம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கிறதே, எங்கள் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாரே, அந்தப் படிவு முழுக்க நம் சோப்பைத் தின்றிருக்க வேண்டிய கால்சியம். தவலையில் ஒட்டிக்கொண்டதால் சோப்பு தப்பித்தது.

இதை எனக்கு முதலில் செய்து காட்டியது ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சலூன் வைத்திருந்த அண்ணன். அவர் கடையில் காலையில் ஒரு குண்டான் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி மூடி வைத்துவிடுவார். வேலை நடக்க நடக்க மேலாக இருப்பதை மட்டும் ஒரு டம்ளரில் மொண்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொள்வார், தேவைப்பட்டால் மறுபடி லேசாகச் சுட வைப்பார். அடியில் இருக்கும் ஒரு கை அளவு தண்ணீரைத் தொடவே மாட்டார்.

"ஏண்ணா அதை விட்டுடறீங்க?" என்று கேட்டேன்.

"அடித் தண்ணியில சுண்ணாம்பு நிக்குது தம்பி. அதக் கலக்கிட்டா கொதிக்க வெச்சதே வீண். சோப்பு ஏறாது."

வேதியியல் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் கடையில் உட்கார்ந்தால் நுரை கழுத்துவரை கெட்டியாக நிற்கும். அதே ஊர்த் தண்ணீர், அதே கடைத்தெருவில் வாங்கிய சோப்பு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் கெட்ட தண்ணீர் என்றாலே புளோரைடு நினைவுக்கு வரும். பல் பழுப்பாகிற ஊர்கள் இங்கே எத்தனையோ. ஆனால் சோப்பு நுரைக்காததற்குப் புளோரைடு காரணம் இல்லை. கொதிக்க வைத்தால் புளோரைடு போகவும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடும். எனவே ஷேவுக்காகக் கொதிக்க வைத்த போர் தண்ணீரைச் சுத்தமாகிவிட்டது என்று குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் புளோரைடுக்காகத்தான் வந்தது. எங்கள் தெருக் குழாயில் அந்தக் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் சோப்பு எளிதாக நுரைக்கிறது. அது ஆற்று நீர், எங்கள் போர் அளவுக்குச் சுண்ணாம்பு அதில் இல்லை.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரி மூன்று காலி பாட்டில்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கொதிக்க வைத்துத் தெளிந்து ஆறிய அதே போர் தண்ணீர், மூன்றாவதில் கேன் தண்ணீர். மூன்றிலும் கால் பாகம் ஊற்றி, ஷேவிங் சோப்பில் நகத்தளவு சுரண்டிப் போட்டு, மூடி ஒரே மாதிரி குலுக்கி வையுங்கள். மூன்றும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எங்கள் வீட்டில் முதல் பாட்டில் பால் கலந்த மாதிரி கலங்கி, மேலே நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மூன்றாவதில் நுரை கழுத்துவரை நின்றது. நடு பாட்டில் இரண்டுக்கும் நடுவில் இருந்தாலும் மூன்றாவதைத்தான் நெருங்கியது. முழுதாக எட்டாததற்குக் காரணம் நிரந்தரக் கடினமும் மெக்னீசியமும். மெக்னீசியம் கொதிப்பில் அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை. உங்கள் போரில் இரண்டாவது பாட்டிலுக்கும் முதல் பாட்டிலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் நிரந்தரக் கடினம். கொதிக்க வைத்து கேஸைச் செலவழிக்க வேண்டாம், ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நுரைக்குத் தேவைப்படுவது கால் டம்ளர்கூட இல்லை.

அப்படியானால் சூட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அதைத் தாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

உலர்ந்த தாடி முடி முரட்டு முடி. தண்ணீரை உறிஞ்சினால் அது பருத்து மெதுவாகிவிடும், வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைந்துவிடும். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வெந்நீரில் சீக்கிரம் நடக்கும், முடி மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையும் இளகும். ஓசூரில் மார்கழி, தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீர் முகத்தில் பட்டால் தோல் சுருங்கி முடி விறைத்து நிற்கும். அப்போது பச்சைத் தண்ணீரில் ஷேவ் செய்வது தோலுக்குக் கொடுமை. சிறு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தாடையில் சுற்றி, அது ஆறும்வரை அப்படியே வைத்திருப்பேன். குளித்து முடித்து வந்து ஷேவ் செய்தால் இதுகூடத் தேவையில்லை. பிளேடு புதுசா பழசா என்பதைவிட இந்த இரண்டு மூன்று நிமிடம் பெரிது என்பது என் கருத்து.

நுரைக்குச் சூடு வேண்டும், அளவாக வேண்டும். ஸ்டியரிக் அமிலச் சோப்பு குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் கரையும். டப்பாவில் வரும் வட்டச் சோப்பு என்றால் குளிர் காலத்தில் பிரஷ் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும், ஒன்றும் ஏறாது. வெதுவெதுப்பான நீர் ஒரு கரண்டி சோப்பின் மேல் ஊற்றிச் சற்று விட்டால் மேற்பரப்பு இளகிக் கொடுக்கும். டியூப் கிரீமில் ஏற்கெனவே தண்ணீரும் பொட்டாஷ் சோப்பும் இருப்பதால் அதற்கு இந்தச் சூடு அவ்வளவு அவசியமில்லை.

ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் காரியம் கெடும். சுடு நீரில் நுரை வேகமாக எழும், அதே வேகத்தில் உடையும். குமிழ்களுக்கு நடுவே இருக்கும் நீர்ப்படலம் சூட்டில் இளகி வடிந்துவிடும், மேலாக இருக்கும் ஈரமும் ஆவியாகிவிடும். பிரஷுக்கும் அது ஆகாது. பேட்ஜர் என்கிற விலங்கின் முடி, பன்றி முடி எல்லாம் நம் தலைமுடி போலக் கெரட்டின் என்கிற புரதம்தான், கொதிநீர் பட்டால் முறுகி உடையும். அடியில் முடியைப் பிடித்திருக்கும் பசையும் விடும். நைலான் பிரஷுக்கு ஊற வைக்கும் வேலை இல்லை, நனைத்தால் போதும். பன்றி முடி பிரஷ் என்றால் சில நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால்தான் மெதுவாகும். விரலை விட்டால் சுகமாக இருக்கிற சூடு பிரஷுக்கும் சரியான சூடு.

நான் செய்வது இப்படி. முந்தின இரவே மின்சாரக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அப்படியே தெளிய வைத்துவிடுவேன். இப்போதைய கெட்டில்கள் கொதி வந்த உடனே தானாக அணைந்துவிடும், படிவு இறங்க அந்த நேரம் போதாது. ஆகவே இன்னொரு முறை, முடிந்தால் இரண்டு முறை அழுத்திக் கொதிக்கவிட வேண்டும். காலையில் மேலாக வடித்து வேறு பாத்திரத்தில் சூடாக்குவேன். பீங்கான் கப் ஒன்று வைத்திருக்கிறேன். எவர்சில்வர் கிண்ணம் சூட்டைச் சட்டென்று விட்டுவிடும், ஓசூர்க் குளிரில் நுரை அடித்து முடிப்பதற்குள் சில்லிட்டுவிடும். பீங்கான் கப்பில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிவிட்டு, அந்த நீரை முகத் துண்டுக்கு எடுத்துக்கொள்வேன்.

பிரஷை உதறிவிட்டுத்தான் சோப்பில் வைக்க வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் குமிழ்தான் வரும். அரை நிமிடம் அழுத்தமில்லாமல் சுழற்றினால் பிரஷ் நுனியில் பசை மாதிரி ஏறும். இந்தப் பசைதான் அஸ்திவாரம், இதில் கஞ்சத்தனம் கூடாது. பிறகு கப்பில் வைத்து, விரல் நுனியால் சில சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் அடிப்பது, மறுபடி சில சொட்டு. முதலில் மங்கலாக, வறட்சியாக இருக்கும். தண்ணீர் சேரச் சேரக் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, மேலே ஒரு பளபளப்பு வரும். கெட்டித் தயிர் பதம். பிரஷைத் தூக்கினால் நுனி எழும்பி லேசாகத் தலை சாய்க்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும், இழுபடக் கூடாது. நுரை மலைபோல் எழும்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரத்தால் பயன் இல்லை. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்குகிற ஈரம்தான் வேண்டும். அரை சென்டிமீட்டர் போதும்.

குளிர் நாட்களில் இந்தக் கப்பை வெந்நீர் இருக்கும் ஒரு வாயகன்ற பாத்திரத்துக்குள் நிறுத்தி வைப்பேன். இரண்டாவது முறை பூசும்போதும் நுரை இளஞ்சூடாக இருக்கும். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் இதெல்லாம் நடக்குமா என்றால், பழகிவிட்டால் மொத்தமே பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

கீசர் பற்றிக் கேட்பார்கள். கீசர் தண்ணீர் கொதிப்பதில்லை, 60 டிகிரி பக்கம் நின்றுவிடும். காயிலில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும், அவ்வளவுதான். பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்திருக்கும். ஆகவே கீசர் நீர் தாடியை நனைக்க நல்லது, நுரைக்கு அதை நம்ப முடியாது. எலுமிச்சை பிழிந்தால் தண்ணீர் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் சற்றுக் கூடினாலும் அந்தப் புளிப்பு சோப்பையே பழைய கொழுப்பு அமிலமாக முறித்துவிடும். அளவு தெரியாமல் முகத்துக்குப் போகும் தண்ணீரில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

ஷேவ் முடிந்து கழுவும்போதும் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு நல்ல நுரை போட்டுவிட்டுக் கடைசியில் போர் தண்ணீரால் கழுவினால், தோலில் இருக்கும் சோப்பும் கால்சியமும் சேர்ந்து பிசுக்காகி முகத்திலேயே தங்கிவிடும். கழுத்து இறுகுவதும் அரிப்பதும் பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்குக் கட்டிகள் குறைந்தது கடைசிக் கழுவலை மாற்றிய பிறகு. வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் ஆறவைத்துத் தனியாக வைத்திருப்பேன். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த டம்ளரால் முடிப்பேன். பிறகு படிகாரக் கல்லை ஒரு முறை தேய்த்துச் சற்று விட்டுத் துடைத்தால் சரி. பிரஷையும் ரேசரையும் கடைசியாக அதே தண்ணீரில் அலசுங்கள். பிரஷ் அடியில் வெள்ளை கட்டுவது நின்றுவிடும்.

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பே கிடையாது, கொதிக்க வைக்கும் வேலையும் இல்லை. வருகிற ஐப்பசி மழையில் முதல் மழை ஓட்டைக் கழுவிவிட்டுப் போன பிறகு வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு கேன் ஓசூருக்கு எடுத்து வருவதாக இருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் யாராவது ஏற்கெனவே மழைத் தண்ணீரில் ஷேவ் செய்து பார்த்திருந்தால், வட்டச் சோப்பா டியூப்பா, எதில் வித்தியாசம் கூடத் தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.