ஹெர்2 ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே நோய் அல்ல. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டிகளில் ஹெர்2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகி, அதன் புரதம் செல்லின் மேற்பரப்பில் மொய்த்துக் கிடக்கும். செல்லை ஓயாமல் பெருகச் சொல்லி விரட்டும். அப்படிப்பட்ட பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. அதே புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லோரும் பயந்த வகைக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது! எனக்கு இது பெரிய ஆறுதல்.

பயாப்சி (கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட்டில் ஹெர்2 புரதத்தின் அளவு 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை, ஃபிஷ் (FISH) போன்ற மரபணுப் பரிசோதனை தேவை. தயவுசெய்து செலவை நினைத்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த மருந்து என்பதை முடிவு செய்வதே அதுதான்.